அடுத்துத் திறப்பவருக்கு

மூடிய எஞ்சினைப் பற்றி யாரும் எதையும் சொல்லலாம். வெளிப்புறத்தைக் கழுவி ஒரு பூச்சுப் பெயின்ற் அடித்தால் பத்து வயது குறைந்து தெரியும். தடித்த ஒயிலை விட்டால் தட்டும் சத்தம் அடங்கும். புகைகூட இரண்டு மூன்று கிழமைக்கு மட்டுப்படும். உள்ளே என்ன நிலைமை என்று திட்டவட்டமாக அறிய ஒரே வழி கழற்றி அளப்பதுதான். அதற்கு ஓர் ஆளும் இரண்டு நாளும் வேண்டும். பழைய வாகனம் பார்க்க வருபவருக்குக் கிடைப்பதோ அரை மணித்தியாலமும், தெருவைச் சுற்றி ஓர் ஓட்டமும். மிச்சத்துக்கு விற்பவருடைய வாயைத்தான் நம்ப வேண்டும்.

விற்பவர் எவ்வளவு சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வி எஞ்சினைவிட மிகப் பழையது. கி.மு. 44இல் சிசரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காக எழுதிய ‘கடமைகள்’ என்ற நூலின் மூன்றாம் பாகத்தில் ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது. வெளிப்பார்வைக்கு நல்ல வீடு. ஆனால் குடியிருக்க ஆரோக்கியமற்றது, அறைகளில் பாம்பு வருகிறது, மரமெல்லாம் பழுது. இது விற்பவருக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் விற்றால் அது அநீதியா? இரண்டு ஸ்டோயிக் அறிஞர்கள் இதில் முரண்படுவதாக சிசரோ எழுதுகிறார். பாபிலோனைச் சேர்ந்த டயோஜினிஸ், சட்டம் சொல்லச் சொன்னதைச் சொன்னால் போதும் என்கிறார். ஒளிப்பது வேறு, பேசாமல் இருப்பது வேறு. வாங்கச் சொல்லி யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. “பாழாய்ப்போன வீடு விற்பனைக்கு” என்று எந்த முட்டாளாவது தெருவில் கூவி விற்பானா என்று கேட்கிறார். அவருடைய மாணவர் அன்ரிபாற்றர் இதை ஏற்கவில்லை. தெரிந்துகொண்டே ஒருவரைக் குழியில் விழ விடுவது, வழி தப்பியவருக்கு வழி காட்டாமல் விடுவதைவிட மோசம் என்பது அவர் கட்சி. சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார்.

நெடுங்காலமாக எனக்கு டயோஜினிஸ் சொல்வதில் ஒரு நியாயம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. நான் கராஜில் வேலை செய்து பிழைத்தவன். குறையெல்லாவற்றையும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றால் உலகத்தில் ஒரு பழைய சாமானும் கைமாறாது. என் மனம் மற்றப் பக்கம் சாய்ந்தது ஒரு பிக்கப்பின் எஞ்சினைக் கழற்றிய பிறகு.

1984ஆம் ஆண்டு போர்ட் எஃப்-150 அது. ஸ்காபரோவில் எங்கள் ஊரவர் ஒருவர் 1991இல் 1,800 டொலருக்கு, அதுவும் பாதி கைமாற்றாக, வாங்கியது. கிழமை நாட்களில் அவருக்குத் தொழிற்சாலை வேலை. சனி ஞாயிறில் அந்த வாகனத்தோடு புல்வெட்டப் போவார், பனிக்காலத்தில் உப்புப் போடப் போவார். ஆனால் சனத்துக்கு அது ஞாபகம் இருப்பது வேறு விதத்தில். அந்தக் காலத்தில் புதிதாக வந்து இறங்கி, ஓர் அடுக்குமாடியிலிருந்து இன்னோர் அடுக்குமாடிக்கு வீடு மாறியவர்களில் அந்தப் பிக்கப்பில் மெத்தை ஏற்றாதவர் குறைவு. குளிர்சாதனப் பெட்டி, சோபா, தெருவோரத்தில் யாரோ எறிந்துவிட்டுப் போன மேசை எல்லாம் அதில்தான் போகும். காசு கேட்கமாட்டார். பெற்றோலுக்கென்று யாராவது திணித்தால் வாங்குவார். சீற்றுக்குக் கீழே ஒரு லீற்றர் ஒயில் கலன் எப்போதும் கிடக்கும், ஏனென்றால் அந்த எஞ்சின் ஒயில் குடிக்கும். 500 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் என்பது அவர் கணக்கு.

அவர் போன வருடம் காலமானார். இங்கே பிறந்த மகன், முப்பது வயதுப் பெடியன், பிக்கப்பை என்னிடம் கொண்டுவந்தான். அதற்குள் அது நீலப் புகையாகக் கக்கியது. தாய் விற்றுவிடச் சொன்னாராம். இரும்புக்கடைக்காரர் 400 டொலர் சொன்னாராம். வேறொருவர், கழிவு வாகனத்திலிருந்து எடுத்த எஞ்சின் ஒன்று இருக்கிறது, இரண்டு நாளில் மாற்றித் தருகிறேன் என்றாராம்.

“இதுக்குக் காசு போடலாமோ அங்கிள்?” என்று கேட்டான்.

“முதல் கழட்டி அளப்பம் தம்பி. பிறகு கதைப்பம்” என்றேன்.

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மதிப்புக்குரியது. 300 கன அங்குலம், அதாவது 4.9 லீற்றர்; ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். 1965 தொடக்கம் 1996 வரை போர்ட் அதைச் செய்தது. காம் தண்டை ஓட்டச் சங்கிலியும் கிடையாது, வாரும் கிடையாது. பல்லோடு பல் பொருந்தும் சில்லுகள்தான். கிராங் தண்டு ஏழு இடத்தில் தாங்கப்பட்டிருக்கும். வேகத்துக்கு உதவாது. மெதுவாக, பாரத்தோடு, நீண்ட காலம் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. பொதி விநியோக வண்டிகளிலும் தண்ணீர் இறைக்கும் பம்புகளிலும்கூட அதைப் பூட்டினார்கள்.

கழற்றுமுன் அழுத்தம் பார்த்தோம். ஐந்து சிலிண்டர்களில் சதுர அங்குலத்துக்கு 110க்கும் 125க்கும் இடையில் இறாத்தல் காட்டியது. நாலாவதில் 70. அதற்குள் இரண்டு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்த்தால் 105க்கு ஏறியது. ஒயில் விட்டதும் ஏறினால் கசிவு பிஸ்ரன் ரிங்கால், ஏறாவிட்டால் வால்வால். ஆகவே நாலாவதின் ரிங் போய்விட்டது என்பது ஹெட்டைத் தூக்குமுன்பே தெரிந்தது.

பழைய எஞ்சினைக் கழற்றுவதில் பாதி வேலை எழுதிவைப்பது. எந்தப் பெயாரிங் மூடி எந்த இடத்தில் இருந்தது, எந்தப் பக்கம் முன்னுக்குப் பார்த்தது என்று ஒவ்வொன்றிலும் இலக்கம் குத்த வேண்டும். அந்த மூடிகளைப் புளொக்கில் பூட்டிவைத்துத்தான் தொழிற்சாலையில் துளை போட்டிருப்பார்கள். இடம் மாறினால் வட்டம் வட்டமாக இராது. காமில் தேய்ந்து ஓடிய தூக்கிகளும் அப்படித்தான். பழைய காமையே திரும்பப் போடுவதானால், ஒவ்வொரு தூக்கியும் தான் தேய்ந்த அதே இடத்துக்குத்தான் போக வேண்டும். ஒன்றின் தேய்வு மற்றதன் தேய்வுக்குப் பொருந்தியிருக்கும். பெடியன் முட்டைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து பன்னிரண்டையும் வரிசையாக அடுக்கினான். அந்த நாளில் அவன் செய்த மிகச் சரியான காரியம் அது.

ஹெட்டைத் தூக்கியதும் சிலிண்டரின் வாயில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். நகம் ஓரிடத்தில் தடக்கியது. தேய்ந்த சிலிண்டர் எதிலும் வாயருகே ஒரு வரம்பு இருக்கும், வயல் வரம்பு மாதிரி. ரிங் அவ்வளவு உயரத்துக்கு ஏறாததால் அந்த ஒடுங்கிய வளையம் தேயாமல் நிற்கும். அதற்குச் சரி கீழேதான் தேய்மானம் ஆகக் கூட. பிஸ்ரன் அங்கே போய் ஒரு கணம் நின்று திரும்புகிறது. வெடிப்பின் அழுத்தம் அப்போதுதான் அதிகம். ஒயிலோ அங்கேதான் குறைவு. அந்த எஞ்சினின் மூலத்துளை 4.000 அங்குலம். வரம்புக்குக் கீழே அளந்தபோது 4.009 தொடக்கம் 4.012 வரை வந்தது. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பன்னிரண்டு பங்கு. மூன்று நான்கு தலைமயிரின் தடிப்பு. அவ்வளவு போதும் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சீற்றுக்குக் கீழே ஒயில் கலனோடு திரிவதற்கு.

ஆனால் நாலாவதில் வேறொன்று இருந்தது. மேல் ரிங் மூன்று துண்டாக முறிந்து, அது இருந்த தவாளிப்பை அடித்துப் பெருப்பித்திருந்தது. சுவரில் நீளத்துக்கு ஒரு காயம். மற்ற ரிங்குகளைக் கழற்றிப் பார்த்தால் அவை தொழிற்சாலையில் போட்டவை அல்ல, பிறகு கடையில் வாங்கிப் போட்ட இனம். ஹெட் கஸ்கற்றும் அப்படியே. ஒயில் தட்டின் விளிம்பில் சிலிக்கன் வழிந்து காய்ந்திருந்தது. பிஸ்ரன்களோ மூல அளவு, மாற்றவே இல்லை. சிலிண்டர்ச் சுவரின் அடிப்பாகத்தில், ரிங் எட்டாத இடத்தில், கைத்துளைகருவியில் பூட்டி உரசும் கல்லின் கீறல்கள் மங்கலாக இருந்தன.

இந்தத் தொழிலில் இருந்தவருக்கு இது ஒரு கடிதம் மாதிரி வாசிக்கக் கிடைக்கும். யாரோ ஒருவர் முன்பே இந்த எஞ்சினைத் திறந்திருக்கிறார். தேய்ந்த துளையைப் பெருப்பிக்காமல், வரம்பைக்கூட வெட்டி எடுக்காமல், மூன்று நிமிடம் கல்லால் உரசிவிட்டுப் புது ரிங் போட்டு மூடியிருக்கிறார். பழைய ரிங்கின் மேல் விளிம்பு வரம்போடு பழகி உருண்டிருக்கும். புது ரிங்கின் விளிம்பு கூர். அது ஒவ்வொரு தரமும் மேலே போய் வரம்பில் முட்டும். சில ஆயிரம் கிலோமீற்றருக்குப் புகை இராது, அழுத்தம் நன்றாகக் காட்டும். பிறகு எங்காவது ஒன்று முறியும்.

“அப்பா எப்பவாவது எஞ்சினைத் திறந்தவரோ?” என்று கேட்டேன். இல்லை என்றான். உறுதிப்படுத்தத் தாய்க்குத் தொலைபேசி எடுத்தான்.

“இல்லை அண்ணை” என்றார் அவர். “வாங்கி மூண்டாம் மாசமே புகைக்கத் தொடங்கிட்டுது. இவர்தான் சொல்லுவார், நான் குளிர்சாதனப் பெட்டியளும் சோபாவும் ஏத்தி நல்ல எஞ்சினைக் கெடுத்துப்போட்டன் எண்டு. கடைசி வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தவர்.”

பெடியன் தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். நான் கூப்பிடவில்லை.

டயோஜினிஸின் வாதத்தில் இந்த இடம் வருவதேயில்லை. பேசாமல் விற்றவரால் வாங்கியவருக்குப் பண நட்டம் என்ற அளவில்தான் அந்த விவாதம் நடக்கிறது. 1,800 டொலரில் எவ்வளவு போயிற்று என்று கணக்குப் போடலாம், ஒயில் செலவையும் கூட்டலாம். கணக்கில் வராதது, சொல்லாமல் விட்ட விஷயம் வாங்கியவரின் தலையில் பழியாக வந்து உட்கார்ந்தது. காரணம் தெரியாத மனிதர் தனக்குத் தெரிந்ததற்குள்தான் காரணம் தேடுவார். அவருக்குத் தெரிந்தது தான் ஏற்றிய பாரம். ஆகவே முப்பது வருடமாக, ஊர்ச்சனத்துக்குச் செய்த உதவியே தன் பிழை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த எஞ்சின் அதைவிட இரட்டிப்புப் பாரத்தைச் சும்மா இழுக்கும்.

இனி நான் வேறோர் ஊருக்குப் போக வேண்டும். ஏனென்றால் இதே அரைகுறை வேலையை நூறு தடவையாவது என் கையால் செய்திருக்கிறேன்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது, பொருளாதாரத் தடை. ஓடிய வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டு எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், எல்லாம் ஐம்பதுகளின் கார்கள். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, தட்டிலுள்ள ஒயிலையும் தண்ணியாக்கும். எஞ்சின் தேய்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. அப்போது நான் ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். துளை பெருப்பிப்பதை ஆங்கிலத்தில் ‘போர்’ பண்ணுவது என்பார்கள். எங்கள் முதலாளி அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டார். வெளியில் நடக்கிறது போதும் என்பார். பெருப்பித்தாலும் அதற்கேற்ற பிஸ்ரனுக்கு எங்கே போவது? ஆகவே வேறு ஏதோ வாகனத்தின் ரிங்கை அரத்தால் ராவி அளவாக்கித் தேய்ந்த துளைக்குள் போட்டோம். கஸ்கற்றைத் தடித்த மட்டையில் வெட்டினோம். அந்த 1984 போர்ட்டுக்கு யாரோ செய்ததைவிட மோசமான வேலை, தொழில்நுட்பமாகப் பார்த்தால்.

ஆனால் வாகனத்தைக் கொடுக்கும்போது முதலாளி சொந்தக்காரரைக் கூப்பிட்டு, கழற்றிய ரிங்கைக் கையில் கொடுத்து, “ஆறு மாசம் ஓடும் ஐயா. அதுக்குப் பிறகு புகைச்சா என்னைப் பேசாதேங்கோ. ஏத்தத்திலை முறுக்காதேங்கோ” என்பார். சில வேளை எட்டு மாதம் ஓடும், சில வேளை மூன்று. புகைத்தபோது ஒருவரும் வந்து ஏசியது எனக்கு ஞாபகம் இல்லை. தானே பாவம் செய்துவிட்டதாக எந்தச் சொந்தக்காரரும் நினைத்ததும் இல்லை. எஞ்சின் ஏன் புகைக்கிறது என்பது அவர்களுக்கு எங்களைப் போலவே தெரியும்.

அந்த முதலாளியைப் பற்றி இன்னொன்று. ஆயுத பூசை அன்று சாவி, சுத்தியல் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்து அடுக்கும்போது நடுவில் மைக்ரோமீற்றரை வைப்பார். அது ஒன்றையும் செய்யாத ஆயுதம், உள்ளதைச் சொல்லுவது மட்டும்தான் அதன் வேலை. எதற்காக நடுவில் வைத்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அரைகுறையாகத் திருத்துவது குற்றம் என்று எண்ணிக்கொண்டிருந்தால் எங்கள் ஊரில் பாதிப்பேர் குற்றவாளிகள். இரும்புக்கு நடந்தது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்துக் கார்க்காரர் ஆறு மாதத்தைத் தெரிந்து வாங்கினார். ஸ்காபரோக்காரர் பல வருடம் என்று நினைத்து வாங்கினார். இடையில் இருந்த வித்தியாசம் இரண்டு வசனம். அந்த இரண்டு வசனத்தைச் சொல்ல எவருக்கும் ஒரு சதமும் செலவில்லை என்று சொல்லமாட்டேன். சொல்லியிருந்தால் விலை இறங்கியிருக்கும். செலவு இருக்கிறபடியால்தானே அது ஒழுக்கம் சார்ந்த கேள்வியாகிறது.

விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், அவரும் ஏமாந்து வாங்கியிருக்கலாம் என்று பெடியன் பிறகு சொன்னான். இருக்கலாம். அவனுடைய நிதானம் எனக்குப் பிடித்தது. ஆனாலும் எங்கோ ஒரு கை இருந்திருக்கிறது, நகத்தில் தடக்கிய வரம்பை உணர்ந்துவிட்டு அதன்மேல் ஹெட்டை வைத்து இறுக்கிய கை. அதற்குத் தெரியும். டயோஜினிஸ் சொல்லும் ‘ஒளிப்பது வேறு, பேசாமல் இருப்பது வேறு’ என்ற பிரிவினை வீட்டுக்குப் பொருந்தலாம். வாங்குபவர் அறையறையாகப் போய்ப் பார்க்கலாம், மரத்தைத் தட்டலாம். எஞ்சினில் ஹெட்டைப் பூட்டியவுடனேயே எல்லாம் ஒளிந்துவிடுகிறது. அங்கே பேசாமல் இருந்தால் ஒளிப்பதாகத்தான் முடியும். அதிலும் வாங்க வந்தவர் பாஷை சரியாகத் தெரியாமல், எதைக் கேட்பது என்றே தெரியாமல் நிற்கும் புது ஆள் என்றால், சொல்ல வேண்டிய பொறுப்பு முழுவதும் ஒரு பக்கத்தில்தான் விழுகிறது. இன்று ஒன்ராறியோவில் தனியாள் ஒருவர் வாகனம் விற்றால் அரசாங்கத்தின் தகவல் பொதி ஒன்றை வாங்கிக் கொடுக்க வேண்டும். முந்தைய சொந்தக்காரர் எத்தனை பேர், கடன் நிற்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்பது இராது. எந்தச் சட்டத்தாலும் அவ்வளவு தூரம் கைவிட்டுப் பார்க்க ஏலாது.

இதற்கிடையில் காசு விஷயம். முழுதாகச் செய்தால் 4,100 டொலர் வரும் என்று கணக்குப் போட்டோம். செய்து முடித்த பிக்கப்பை விற்றால் அவ்வளவு கிடைக்காது. பெடியனின் சிநேகிதன் ஒருவன் புத்தி சொன்னான்: புது ரிங், புது கஸ்கற், எண்ணூறு தொளாயிரத்தோடு முடித்து விற்றுவிடு, பழைய பிக்கப்புக்கு இப்போது நல்ல விலை. அவன் கெட்ட பிள்ளை அல்ல. அவனுக்கு அது சாதாரண யோசனை. பெடியன் அதற்குப் பதில் சொல்லவில்லை. முறிந்த ரிங்கின் மூன்று துண்டையும் எடுத்து அவன் கையில் வைத்தான்.

சூழலைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி இந்தச் செலவை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. பழையதைத் திருத்தினால் ஒரு புது வாகனம் செய்கிற இரும்பும் எரிபொருளும் மிச்சம் என்பது மெய். அந்தக் காபரேற்றர் 100 கிலோமீற்றருக்கு 16 லீற்றருக்குக் குறையாமல் குடித்து, இன்றைய வாகனத்தைவிட எவ்வளவோ அழுக்காகப் புகைக்கும் என்பதும் மெய். தினமும் ஓட்டுவதானால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அவன் மாதத்தில் இரண்டு தரம் ஓட்டுவான். தகப்பனுடையது என்பதால் வைத்திருக்க ஆசைப்படுகிறான், கையில் காசு இருக்கிறது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் திருத்துவதற்கு ஒருவரும் காரணம் கேட்கவில்லை, இங்கே காரணம் தேவைப்படுகிறது.

லேத் பட்டறைக்குக் கொண்டுபோனபோது இன்னொரு செய்தி வந்தது. ஹெட்டில் இரும்புத்தூள் தூவிக் காந்தம் பாய்ச்சிப் பார்த்தார்கள். இரண்டு வால்வு இருக்கைக்கு இடையில் வெடிப்பு. அது கழிவு. வேறு ஹெட் எடுக்க வேண்டும். பெடியனுக்கு மனம் வரவில்லை. ஹெட்டும் போய், பிஸ்ரனும் போய், காமும் போனால் அப்பாவின் எஞ்சின் என்று எதைச் சொல்வது என்றான். தீசியஸின் கப்பலைப் பற்றி ஏதென்ஸ்காரர் கேட்ட கேள்வி அதுதான். பலகை ஒவ்வொன்றாக மாற்றியபின் அது அதே கப்பலா? 1655இல் ஹொப்ஸ் அதற்கு ஒரு வால் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸினுடையது? வெடித்த ஹெட்டைத் தன் நிலவறையில் கொண்டுபோய் வைக்க பெடியன் நினைத்ததற்கும் ஹொப்ஸின் வாலுக்கும் தூரம் அதிகமில்லை. பட்டறைக்காரர், வயதான இத்தாலியர், இந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. வெடிப்பு வெடிப்புத்தான், இதைப் போட்டால் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார். ஹெட்டைத் திருப்பிக் கொடுத்தார். நிலவறையா இரும்புக்கடையா என்பது எங்கள் பாடு.

பிறகு துளை. தேய்ந்த சிலிண்டரைத் திருத்துவதென்றால் சுவரை இன்னும் வெட்டி, வட்டமாக்கி, பெரிய பிஸ்ரன் போடுவது. தேய்ந்த இரும்பை யாரும் திருப்பி ஒட்டுவதில்லை. ஆகவே ஒவ்வொரு திருத்தமும் அந்த எஞ்சினுக்கு இருக்கும் இரும்பிலிருந்து கொஞ்சம் செலவழிக்கிறது. ஐந்து சிலிண்டருக்கு ஆயிரத்தில் முப்பது பங்கு வெட்டினால் போதும். நாலாவதின் காயம் அதில் மறையாது, நாற்பது வேண்டும். ஆறும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதால் மற்ற ஐந்தும் அந்த ஒன்றுக்காகப் பத்துப் பங்கு கூட இழந்தன. இதற்குமேல் அறுபதோடு சரி. அதன்பின் சுவர் மெல்லிசாகிவிடும்.

வெட்டிய சுவரை வழுவழுப்பாக விடக்கூடாது என்பது பெடியனை ஆச்சரியப்படுத்தியது. கல்லால் குறுக்கும் மறுக்கும் கீறிவிட வேண்டும். அந்தக் கீறலில்தான் ஒயில் தங்கும். புது ரிங் அதில் உரசித் தன்னைத் தேய்த்துத்தான் சுவருக்குப் பொருந்தும். கண்ணாடி மாதிரிச் சுவர் இருந்தால் ரிங் ஒருபோதும் படியாது, எஞ்சின் பிறந்த நாளிலிருந்தே ஒயில் குடிக்கும். தேய்மானம்தான் எஞ்சினை முடிக்கிறது. தொடங்கி வைப்பதும் அதுவே.

கீறிய பிறகு கழுவுவது. இதுதான் யாரும் பார்க்காத வேலை. கல்லின் பொடி அந்தக் கீறலுக்குள் இறங்கி நிற்கும். பெற்றோலாலோ கரைப்பானாலோ போகாது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் தூரிகையும்தான். வெள்ளைத் துணியில் ஒயில் தொட்டுத் துடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம் வரும். மறுபடி கழுவ வேண்டும். மறுபடி சாம்பல். பெடியன் ஏழு தரம் கழுவினான். நாலாந் தரமே நிறுத்தியிருந்தால் எனக்குக்கூடத் தெரிந்திராது. எஞ்சின் எழும்பியிருக்கும், நன்றாக ஓடியிருக்கும், ரிங் மட்டும் பாதி ஆயுளில் போயிருக்கும். அவன் எனக்காகக் கழுவவில்லை. துணி வெள்ளையாக வந்தபோதும் ஒன்றும் பேசவில்லை, காயவைத்து ஒயில் பூசினான்.

பூட்டுவதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஒழுங்காக அளந்திருந்தால் பூட்டுவதில் கதை இல்லை. கிராங்கைப் பத்துப் பங்கு அரைத்து அதற்கேற்ற தடித்த பெயாரிங் வந்தது. பெயாரிங்குக்கும் தண்டுக்கும் இடையில் மெழுகுநூல் போன்ற ஒன்றை வைத்து இறுக்கிக் கழற்றி, அது எவ்வளவு அகலத்துக்கு நசிந்தது என்று பார்த்து இடைவெளியை அளந்தோம். ஆயிரத்தில் ஒன்றரை, இரண்டு பங்கு. ஏழிலும் சரி. புதுக் காம், புதுத் தூக்கி. எழுப்பியவுடன் இருபது நிமிடம், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் விடாமல் ஓட்ட வேண்டும், காமும் தூக்கியும் ஒன்றையொன்று பழகுவதற்கு. இன்றைய ஒயிலில் துத்தநாகம் சேர்ந்த அந்தக் காப்புப் பொருள் குறைவு, புகைவடிகட்டியை அது கெடுக்கும் என்பதால். ஆகவே அதைத் தனியாக வாங்கிச் சேர்த்தோம். முதல் நிமிடத்தில் பூட்டும்போது பூசிய ஒயில் எரிந்து புகைத்தது. தாய் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இன்னும் புகைக்குது” என்றார். அது வேறு புகை என்று மகன் விளக்கினான். அப்பா ஏற்றிய பாரத்தால் எஞ்சின் கெடவில்லை, வாங்கும்போதே உள்ளே முறிய இருந்தது என்பதையும் அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். “அதை அவர் இருக்கேக்கை ஆரும் சொல்லியிருக்கலாம்” என்றார்.

பட்டறையில் புளொக்கின் விளிம்பில், ஹெட்டுக்குப் பக்கத்தில், 040 என்று குத்தியிருந்தார்கள். கிராங்கின் பக்கத்தில் 10. இது வழக்கம். அடுத்த தரம் திறப்பவர் யார் என்று தெரியாது, எந்த ஊரில் திறப்பார் என்றும் தெரியாது. அவருக்கு இந்த இலக்கம் போதும். பெடியனுக்கு அது போதவில்லை. ஆறு துளையின் அளவையும் திகதியையும் ஓர் அட்டையில் எழுதினான். நாலாவதில் என்ன காயம் இருந்தது, ஹெட் மாற்றியது, புளொக்கை இன்னும் ஒரே ஒரு தரம்தான் வெட்டலாம் என்பது எல்லாவற்றையும் எழுதி, பிளாஸ்ரிக் உறையில் போட்டு முன்பெட்டிக்குள் ஒட்டினான். ஒருநாள் விற்க வந்தால் விலை குறையும் அல்லவா என்று நான் கேட்டேன். குறையும் என்றான்.

ஒயில் கலனை எடுத்து எறியப் போனான். விடச் சொன்னேன். ரிங் படியும் வரைக்கும் முதல் ஆயிரம் கிலோமீற்றருக்குப் புது எஞ்சினும் கொஞ்சம் குடிக்கும்.